கேட்டு வந்த கூடை

பிப்ரவரிக் காற்று மலிஞ்சே மலையை விட்டு இறங்க ஆரம்பித்துவிட்டால் சான் ஹெரோனிமோவில் ரொட்டி சுடுகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான். அடுப்பின் வாயை எந்தத் திசை பார்த்துக் கட்டியிருந்தாலும் காற்று அந்தத் திசையாகவே வந்து நுழையும். ஒரு தட்டு கருகும், அடுத்த தட்டு வேகாமல் வெளுத்துக் கிடக்கும். செல்சா அன்று காலையிலிருந்தே காற்றைத் திட்டிக்கொண்டு வேலை செய்தாள். அவள் புருஷன் மெலித்தோன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"காத்துக்குக் காது கேக்காது கிழவி," என்றான். "எனக்குக் கேக்குது. கொஞ்சம் மெதுவாத் திட்டு."

"உன்னைத் திட்டுறேன்னு நெனச்சுக்கோயேன். யாரு வேணாம்னா."

"அது தெனமும் நெனக்கிறதுதானே."

அவளுக்குக் காற்றின் மேல் அவ்வளவு கோபம் இல்லை. கோபமெல்லாம் வீட்டுக்குள் மேஜைமேல் உட்கார்ந்திருந்த கூடையின் மேல். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு யதீரா, புருஷனைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்து அதை வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்த ஊரில் பெரிய காரியம் கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டாலும், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக இருக்கச் சொல்லிக் கேட்டாலும் கூடை போகும். திருவிழா ரொட்டி, சாக்லேட் வில்லைகள், ஆரஞ்சு, வாழைப்பழம், எல்லாவற்றையும் மூடிப் பூவேலை செய்த ஒரு துணி. கூடையை மேஜையில் வைத்து, வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். துணி விலகாமல் கூடை திரும்பி வந்தால் முடியாது என்று அர்த்தம். அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. அதிலிருந்து ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம். தின்ற பிறகு பேச்சு மாறியவர் என்று அந்த ஊரில் ஒருத்தரையும் காட்ட முடியாது.

சுற்றுவட்டாரத்தில் இப்படிப் போகிற கூடைகளில் முக்கால்வாசி செல்சாவின் அடுப்பு ரொட்டிதான். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் கூடை போகிறது என்பது பாதிரியாருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவளைத் தேடி வந்த கூடைகளை மட்டும் அவள் துணி விலக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பல வருஷமாக அப்படித்தான். முதலில் ஊர் காரணம் கேட்டது, பிறகு தானாகவே ஊகித்துக்கொண்டு கேட்பதை விட்டது, கடைசியில் கூடை அனுப்புவதையே விட்டுவிட்டது. யதீரா வெளியூரில் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தவள், அதனால் துணிந்துவிட்டாள் என்று செல்சா நினைத்தாள்.

அதுவும் எந்தப் பிள்ளைக்கு? யமிலெத்துக்கு. போன குளிர்காலத்தில் மாதம் நிறையாமல் பிறந்து, உள்ளங்கை அகலத்தில் வீட்டுக்கு வந்த பிள்ளை. யதீரா வீட்டுத் தகரக் கூரை பனியை அப்படியே உள்ளே இறக்கும். செல்சா யாரையும் கேட்காமல் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து, அடுப்புச் சுவருக்குப் பின்னால் மாவு பொங்க வைக்கிற அறையில், பழைய மாவுத் தொட்டியில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தாள். குளிர் போகிற வரைக்கும் தாயும் பிள்ளையும் அந்த அறையில்தான் கிடந்தார்கள். ஒரு பக்கம் மாவு பொங்கியது, மறுபக்கம் பிள்ளை தேறியது. மெலித்தோன் அதற்குப் பன்னு என்று பேர் வைத்தான். இப்போது பன்னுக்குக் கன்னம் இரண்டும் தொங்குகிறது, யாரைப் பார்த்தாலும் மூக்கைப் பிடிக்க வருகிறது.

அதனால்தான் செல்சாவுக்கு அந்தக் கூடையைப் பார்க்க முடியவில்லை. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நேற்றே திருப்பிக் கொடுத்திருப்பாள்.

மத்தியானம் இரண்டு தட்டு ரொட்டியைத் தப்பிக்க வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அவரையைச் சூடு பண்ணினாள். கள்ளி மடலை முள் சீவி, வெங்காயம் போட்டு வதக்கினாள். சோள ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பினால் கூடை. காற்றில் துணியின் ஒரு முனை தானாகவே மடங்கிக் கிடந்தது. அதைச் சரி பண்ணத்தான் போனாள். உள்ளே ரொட்டி தெரிந்தது.

அவள் சுட்ட ரொட்டி இல்லை. அது நேற்றே தெரியும், அவளிடம் வாங்கியிருந்தால் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் சாந்தா ஹுஸ்தாவில் புதிதாக ஒரு அடுப்பு நன்றாக ஓடுகிறது என்று வேன்காரர்கள் சொல்லிக் கேட்டிருந்தாள். அங்கே வாங்கியதாக இருக்கும். மேல்பக்கம் நிறம் நன்றாக இருந்தது. இந்தக் காற்றில் இப்படி ஒரே சீராக எப்படிச் சிவக்க வைத்தார்கள்? செல்சா விரலால் தட்டிப் பார்த்தாள். வெந்த சத்தம். ஓரத்தை லேசாக அழுத்தினாள், அமுங்கி மறுபடி எழுந்தது. உள்பக்கம் எப்படி இருக்கும் என்று ஓரத்தில் ஒரு துண்டு பிட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். ரொட்டி சுடுகிறவளின் கை மூக்கோடு நின்றுவிடுமா? வாயில் போட்டு இரண்டு மெல்லு மெல்லும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

துப்பியிருக்கலாம். துப்பத்தான் ஜன்னல் பக்கம் போனாள். அதற்குள் சோம்பு நாக்கில் ஏறிவிட்டது.

எல்லோரும் சோம்பை மேலே தூவுவார்கள், இல்லையென்றால் மாவில் அப்படியே கொட்டிப் பிசைவார்கள். இதில் சோம்பு பல்லில் தட்டுப்படவே இல்லை, வாசனை மட்டும் மாவோடு மாவாக இருந்தது. கற்றாழைக் கள்ளை வெதுவெதுப்பாக்கி, அதில் சோம்பை ஊறப்போட்டு, வடிகட்டி, அந்தக் கள்ளில் மாவைப் புளிக்க வைத்தால்தான் அப்படி வரும். அந்த வேலையைச் செய்கிறவள் அந்தப் பக்கத்திலேயே செல்சா ஒருத்திதான். அவளிடம் அதைக் கற்றுக்கொண்டவள் இன்னொருத்தி.

செல்சா துப்பவில்லை. திரும்பி வந்து இன்னொரு துண்டு பிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மெலித்தோன் கருகல் வாசனை பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது கல்லில் சோள ரொட்டி கரியாகியிருந்தது. பெண்டாட்டி கூடைக்கு முன்னால் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். ரொட்டியில் பாதியைக் காணோம்.

அவன் தொப்பியைக் கழற்றினான். கல்லை இறக்கி வைத்தான். பிறகுதான் பேசினான்.

"பசின்னா சொல்லியிருக்கலாமே."

"வாயை மூடு."

"நீதான் வாயைத் தெறந்திருக்க. அது என்ன கூடைன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் திங்குறியா?"

"மொதல் வாய் தெரியாமத் தின்னேன். எப்படிச் சுட்டிருக்கான்னு பாத்தேன், உள்ள போயிருச்சு. துப்பலாம்னுதான் எந்திரிச்சேன்."

"அப்புறம்?"

"இந்தா, நீயும் தின்னு பாரு."

மெலித்தோன் பின்வாங்கினான். "ஐயோ சாமி, நானும் தின்னா ஞானத்தகப்பன் ஆயிருவேன்."

"நான் தின்னப்பவே நீ ஆயாச்சு. தின்னு."

அவன் வாங்கி மென்றான். நன்றாக மென்று விழுங்கிவிட்டு மீசையைத் தடவினான். அவனும் முப்பது வருஷம் அந்த அடுப்புக்கு விறகு போட்டவன்தான்.

"தொமித்திலா," என்றான்.

செல்சா தலையை ஆட்டினாள். அந்தப் பேரை அந்த வீட்டில் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது.

தொமித்திலா இந்த அடுப்பில் செல்சாவோடு நின்று வேலை செய்தவள். மாவு பிசையும்போது இரண்டு பேரும் பேசுகிற பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்கும். தொமித்திலாவுக்குப் பெண் பிறந்தபோது கூடை நேராக இங்கேதான் வந்தது. செல்சா துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நின்ற இடத்திலேயே தின்றாள். பிள்ளையைத் தூக்கிப் போய்த் தீர்த்தத் தொட்டியில் காட்டி மினெர்வா என்று பேர் வைத்தவள் அவள்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி கொமாத்ரே ஆனார்கள். பிள்ளையைப் பெற்றவளுக்கும் ஞானத்தாய்க்கும் நடுவில் இருக்கிற அந்த உறவு வந்துவிட்டால், கூடப் பிறந்தவர்கள் மாதிரி வாடி போடி என்று பழகியவர்கள்கூட நீங்க வாங்க என்று மாறிவிடுவார்கள். இவர்களும் மாறினார்கள், ஆனால் மரியாதையாகவே ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டார்கள்.

மினெர்வா ஓடித் திரிகிற வயதில் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். சாவு வீட்டின் வாசல்வரைக்கும் போன செல்சா உள்ளே போகவில்லை. என் கை ராசியில்லாத கை, நான் தூக்கிய பிள்ளை நிலைக்கவில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. தொமித்திலாவின் முகத்தில் அதைப் படித்துவிடுவோமோ என்று பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டாள். பிறகு தெருவில் அவளைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போனாள். தொமித்திலா வேலைக்கு வருவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. இரண்டு பேருக்கும் சண்டை என்று ஊர் நினைத்தது. ஒரு வார்த்தை தடித்துப் பேசியிருந்தால்தானே சண்டை.

"ரொட்டி நல்லாத்தான் சுட்டிருக்கா," என்றான் மெலித்தோன், இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே.

அந்த நேரத்தில்தான் யதீரா வந்தாள். தையல் ஆலையில் அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட். போகும்போது பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போவது வழக்கம். வாசலில் கால் வைத்தவள் மேஜையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மெலித்தோனின் மீசையில் ஒட்டியிருந்த துகளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"செல்சா அம்மா, நீங்க திருப்பி அனுப்பிருவீங்கன்னு எங்க வீட்ல பந்தயமே கட்டிட்டாங்க."

"அழாத. அழுதா பிள்ளையும் அழும். இங்க உக்காரு. இந்த ரொட்டிய யாரு கிட்ட வாங்கின?"

யதீரா பிள்ளையை மெலித்தோனிடம் கொடுத்தாள். பிள்ளை உடனே மீசையைப் பிடித்தது.

"சாந்தா ஹுஸ்தால. உங்ககிட்ட வாங்கினா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமேன்னுதான் அங்க போனேன். அங்க ஒரு அம்மா தனியா அடுப்பு வெச்சு நடத்துறாங்க."

"நீ என்ன சொன்ன, அவ என்ன கேட்டா? ஒண்ணு விடாமச் சொல்லு."

"கேக்கிற கூடைக்கா, வீட்டுக்கான்னு கேட்டாங்க. கேக்கிற கூடைக்குன்னேன். எந்த ஊருன்னாங்க, சொன்னேன். சான் ஹெரோனிமோல இல்லாத ரொட்டியான்னு சிரிச்சாங்க. அந்த ரொட்டி சுடுறவங்களையேதான் கேக்கப் போறோம்னு சொன்னேன். அவ்வளவுதான், சிரிப்பு நின்னுருச்சு."

"அப்புறம்?"

"தட்டுல நெறய ரொட்டி இருந்துச்சு. அதுல ஒண்ணும் குடுக்கல. இரு, வேற சுட்டுத் தரேன்னாங்க. நான் வண்டிக்கு நேரமாச்சுன்னேன். வண்டி போனா அடுத்த வண்டி வரும், இந்த ரொட்டிய அவ பிரிச்சுப் பாக்காம விட மாட்டா, நல்லா இருக்கணும்னு சொல்லி உக்கார வெச்சுட்டாங்க. பிள்ளைய மடில வாங்கி வெச்சுக்கிட்டே இருந்தாங்க."

மெலித்தோன் செல்சாவைப் பார்த்தான். செல்சா கைகளை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், கையில் துடைக்க ஒன்றுமில்லை.

"உனக்குத் தெரியுமா யதீரா, நான் ஏன் கூடை வாங்குறதில்லைன்னு?"

"தெரியும். ஊரே சொல்லுதே."

"தெரிஞ்சுமா?"

"என் பிள்ளைக்கு இந்தக் கை ஒத்துக்காம இருந்தா போன குளிர்லயே தெரிஞ்சிருக்கும்," என்றாள் யதீரா. சட்டென்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போனாள்.

 செல்சா எழுந்து சால்வையை எடுத்தாள்.

"நான் சாந்தா ஹுஸ்தா போயிட்டு வரேன்."

"சாயங்கால ரொட்டி?"

"நீ சுடு."

"பிள்ளை?"

"பிள்ளையையும் நீயே பாரு. ஞானத்தகப்பன் ஆயிட்டேல்ல."

வேனில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் மடியில் சேவலை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் அறுத்த சோளக்காடு, வரப்பெல்லாம் கற்றாழை. புழுதி கண்ணாடி வழியாகவும் உள்ளே வந்தது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. பேசாமல் அடுத்த வேனில் திரும்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது பழைய நினைப்பு, அவளுக்கே அடையாளம் தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை ரொட்டியைத் தின்றாயிற்று.

சாந்தா ஹுஸ்தாவில் அடுப்பைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, வாசனை பிடித்து நடந்தாலே போதும். தகரக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தொமித்திலா தனியாக மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது, காதோரம் நரைத்திருந்தது. அடுப்பின் வாயில் காற்றுக்கு மறைப்பாக ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தாள். அப்படித்தான் சீராகச் சிவக்க வைத்திருக்கிறாள் என்று செல்சாவின் புத்தி அந்த நேரத்திலும் குறித்துக்கொண்டது.

தொமித்திலா நிமிர்ந்து பார்த்தாள். கை மாவுக்குள்ளேயே இருந்தது.

"தின்னீங்களா?" என்றாள்.

"தின்னேன்."

"எவ்வளவு?"

"பாதி. மீதிய அவர் தின்னிருப்பார்."

"சக்கரை?"

"கொஞ்சம் தூக்கல்."

"சாந்தா ஹுஸ்தாக்காரங்களுக்கு அப்படித்தான் பிடிக்குது. நான் என்ன செய்ய."

 சாக்கு காற்றில் படபடத்தது. செல்சா கதவடியிலேயே நின்றாள். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு கதவடியில் நின்றாள்.

"கொமாத்ரே, அன்னிக்கு நான் உள்ள வரல," என்றாள்.

"தெரியும். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு பாத்தேன். சவப்பெட்டிய மூடப் போறாங்க, ஞானத்தாய் வரணும், இருங்கன்னு சொன்னேன். எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"என் கைதான் காரணம்னு நீங்க நெனச்சிருப்பீங்கன்னு…"

"நான் என்ன நெனச்சேன்னு வந்து கேட்டிருக்கலாமில்ல." தொமித்திலாவின் குரல் உயரவில்லை. மாவைப் புரட்டிப் போட்டு அழுத்தினாள். "பொண்ணை ஆண்டவர் எடுத்துக்கிட்டார். அவருகிட்டச் சண்டை போட முடியுமா. ஆனா அதே வாரத்துல என் கொமாத்ரேயும் போயிட்டாங்களே, அவங்களை யாரு எடுத்தா? அதைத்தான் நான் இத்தனை வருஷமா நெனச்சேன். கையாம், ராசியாம்."

 செல்சாவுக்கு அழுகை வந்தது, சால்வையால் கண்ணைத் துடைத்தாள். தொமித்திலா அவளைப் பார்க்காமல் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மூக்கு சிவந்திருந்தது, மாவுக் கையால் துடைத்து மூக்கெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியல," என்றாள் செல்சா.

"அப்ப கேக்காதீங்க. அந்தத் தொட்டில இருக்கிற மாவு பொங்கி வழியுது, உங்க கண்ணுக்குத் தெரியலையா? கையக் கழுவிட்டு வாங்க."

செல்சா கையைக் கழுவினாள். முழங்கைவரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். சால்வையை ஆணியில் மாட்டிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். தொமித்திலா ஒதுங்கி இடம் விட்டாள். செல்சா இரண்டு கையையும் மாவுக்குள் இறக்கினாள். வெதுவெதுப்பாக இருந்தது. பழைய இடம் பழைய இடமாகவே இருந்தது, இவள் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். மாவு தொட்டியில் அறைபட ஆரம்பித்தது.

"ஞானஸ்நானம் எப்போ?" தொமித்திலா கேட்டாள்.

"ஈஸ்டர் கழிஞ்சு. நீங்க வரணும். பக்கத்துல நிக்கணும். எனக்குக் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். பிள்ளை பிடிச்சுக்கும். என் மடில உக்காந்து மூக்கைப் பிடிச்சுதே ஒரு பிடி, இன்னும் வலிக்குது." உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள். "பேரு யமிலெத்துன்னு அவ அம்மா சொன்னா. ரெண்டாவது பேரு ஞானத்தாய்தானே வெக்கணும். என்ன வெக்கப் போறீங்க?"

செல்சா கையை நிறுத்தினாள். வேனில் வரும்போது அவள் மனதில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. அதைச் சொன்னால் கொமாத்ரேக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

தொமித்திலா முந்திக்கொண்டாள். அடுத்த உருண்டைக்கு மாவைக் கிள்ளிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மினெர்வான்னு வெச்சிராதீங்க கொமாத்ரே. அந்தப் பேருக்கு ஆள் இருக்கு. இவளுக்குப் புதுசா ஒண்ணு பாருங்க."

செல்சா சரி என்று தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் பேர் தேட ஆரம்பித்தார்கள். செல்சா சொன்ன பேரெல்லாம் கிழவிப் பேராக இருக்கிறது என்றாள் தொமித்திலா. தொமித்திலா சொன்னதெல்லாம் சோப்புக் கட்டிப் பேராக இருக்கிறது என்றாள் செல்சா. ரொட்டி வாங்க வந்த ஒரு அம்மாள் வாசலில் நின்று, உள்ளே சண்டை நடக்கிறது என்று நினைத்து, அப்புறம் வரலாமா என்று யோசித்தாள். கடைசி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அப்போதும் பேர் முடிவாகியிருக்கவில்லை.